நாற்பத்தொரு சீட்டுகளும் கிழிந்த ஒரு பக்கமும்

என்னுடைய நாட்குறிப்புகளில் கிழிக்கப்பட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான். மழை பெய்ததா, பால்காரர் எத்தனை மணிக்கு வந்தார், டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்றெல்லாம் கிழமையோடு எழுதி வைத்திருப்பவள் நான். உலக வரலாற்றுக்கு இவற்றால் என்ன பயன் என்று என் கணவர் பல முறை கேட்டிருக்கிறார். கேட்ட தேதிகளையும் குறித்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் தன் கையாலேயே ஒரு பக்கத்தைக் கிழித்தாள் என்றால் காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். காரணம், ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவின் கிளாஸ் லீடர் தேர்தல்.

வருடம் எழுபத்தேழு. மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கும் ஜூனில் சட்டமன்றத்துக்கும் என்று ஒரே வருடத்தில் இரண்டு தேர்தல்கள். இரண்டுக்கும் ஆசிரியர்களைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜனநாயகத்தின் காவலர்கள் யார் என்பது பற்றி மேடைகளில் பலவிதமாகச் சொல்கிறார்கள். அரக்கு உருக்கியவர்களும் கோணி தைத்தவர்களும் நாங்கள்தான் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன். ஜூன் தேர்தலில் தொட்டியம் பக்கத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விரலில் மை வைக்கும் அதிகாரி. அந்த அனுபவத்தோடு திருச்சிக்குத் திரும்பியதுதான் எனக்கு வினையாயிற்று.

டவுனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். வேலை என்பது சற்று மிகை. வரலாற்று ஆசிரியை நீண்ட மருத்துவ விடுப்பில் இருந்தார், டிசம்பர் கடைசியில் ஓய்வு பெறுவார். அதுவரை அவர் நாற்காலியில் நான் உட்காரலாம். அதற்கு மேலும் உட்கார வேண்டுமானால் பள்ளியின் தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், கேட்பாரற்றுக் கிடந்த வேலைகள் எல்லாம் என்னைத் தேடி வந்தன. சுதந்திர தினக் கோலாட்டம், சிறுசேமிப்பு ஸ்டாம்பு விற்பனை. ஜூலையில் ஜனநாயகமும் வந்தது.

மாணவர்களுக்குத் தேர்தல் முறையைச் செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. தலைமையாசிரியை ஆசிரியர் அறையில் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எல்லாரும் அவசரமாக நோட்டுத் திருத்தினார்கள். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

“நீங்கதான் மை வெச்சவங்க. நீங்களே நடத்திடுங்க, டீச்சர்.”

ஒன்பது ‘பி’க்கு நான்தான் வகுப்பாசிரியை. கிளாஸ் லீடரையே தேர்தலில் தேர்ந்தெடுக்கலாம் என்று திட்டம் போட்டேன். பயிற்சி வகுப்பில் எடுத்த குறிப்புகளைப் பார்த்து முறையான வாக்குச் சீட்டு வரைந்தேன். பெயருக்கு எதிரே சின்னம். எந்தக் கட்சிக்கும் சம்பந்தமில்லாத சின்னங்களாகத் தேடி, குடையும் கூஜாவும் எடுத்து வைத்திருந்தேன்.

“சின்னமெல்லாம் வேணாங்க. சின்னம்னா அரசியல் வந்துடும்” என்றார் தலைமையாசிரியை.

“தேர்தல்னாலே அரசியல்தானே மேடம்?”

“அது வெளியில. இங்க தேர்தல் மட்டும் நடத்துங்க.”

சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலும் கிடையாது, அது காலாண்டுத் தேர்வுக்கு. “ஆளுக்கொரு துண்டுப் பேப்பர்ல பேரை எழுதி மடிச்சுப் போடச் சொல்லுங்க. எழுதத் தெரியாத பொண்ணுங்களா என்ன?” என்றார். நானும் சரி என்றேன். வாரம் தவறாமல் நாற்பத்து மூன்று நோட்டுகளைத் திருத்துகிறவளுக்கு அந்த இடத்தில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கிளாஸ் லீடர் பதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபீசிலிருந்து சாக்பீஸ் வாங்கி வருவது, நோட்டுகளைச் சுமந்து வருவது இவை எல்லாம் சில்லறைக் கடமைகள். உண்மையான அதிகாரம், டீச்சர் இல்லாத நேரத்தில் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதுவது. அந்தப் பட்டியலுக்கு அப்பீல் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்த அதிகாரம் ஒரே பெண்ணிடம் இருந்தது. அவள் எப்போதும் முதல் மதிப்பெண். எழுத்து முத்து முத்தாக இருக்கும். எதை எழுதினாலும் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவாள். அவள் தாளாளரின் பேத்தியும்கூட. இந்த மூன்றில் எது அவளை லீடராக்கியது என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

வேட்பு மனு அன்று அவள் பெயர் தானாகவே வந்து விழுந்தது. அவள் கேட்கவில்லை, யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் போட்டியின்றித் தேர்வாகிவிடுமோ, என் பயிற்சிக் குறிப்புகள் வீணாகிவிடுமோ என்று நான் கவலைப்பட்டபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அப்பா பொன்மலைப் பணிமனையில் வேலை. ‘பேசியவர்கள்’ பட்டியலில் மூன்று வருடங்களாக முதலிடம் அவளுக்குத்தான்.

“நான் நிக்கறேன் டீச்சர்.”

“உனக்கு எதுக்குடி?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“என் பேரை எழுதி எழுதி அவளுக்குக் கை வலிக்குதுடி. பாவமா இருக்கு.”

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் பேத்தியும் சிரித்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை பிரசாரம், ஆளுக்கு இரண்டு நிமிடம். பேத்தி வாசித்த உரை வீட்டுப் பெரியவர் எழுதிக் கொடுத்தது என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் யாரும் ‘என் அன்பார்ந்த தாய்க்குலமே’ என்று தொடங்குவதில்லை. கடைசி பெஞ்சுக்காரியிடம் உரை எதுவும் இல்லை.

“நான் வந்தா எல்லார் பேரையும் எழுதுவேன். என் பேர் முதல்ல. எல்லார் பேரும் இருந்தா டீச்சர் யாரை அடிப்பாங்க?”

இதைவிடத் தெளிவான தேர்தல் அறிக்கையை நான் இன்றுவரை படித்ததில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தாவது பீரியட், வாக்குப்பதிவு. இரண்டு பெஞ்சுகளை நிறுத்தி, நடுவே இந்திய வரைபடத்தைத் தொங்கவிட்டு மறைவு செய்தேன். ஒவ்வொருத்தியும் இந்தியாவின் பின்னால் போய் எழுதிவிட்டு, குமரி முனைப் பக்கமாக வெளியே வந்தாள். பிஸ்கட் டின்தான் பெட்டி, மூடியில் அரக்கு. விரலுக்கு ஸ்டாம்பு பேட் மை.

“டீச்சர், கள்ள ஓட்டுப் போட்டா என்ன பண்ணுவீங்க?”

“முதல்ல நல்ல ஓட்டுப் போடு.”

“ரெண்டு பேருமே நல்லவங்களா இருந்தா?”

“அந்தப் பிரச்சினை நம்ம நாட்டுல இதுவரைக்கும் வந்ததில்ல. போய் எழுது.”

இரண்டு பேர் வரவில்லை. பதிவான வாக்குகள் நாற்பத்தொன்று. எல்லார் முன்னிலையிலும் டின்னைத் திறந்தேன். முதல் சீட்டைப் பிரித்ததும் ‘ற’வின் காலை அடுத்த வரி வரை இழுக்கும் ஒருத்தி என் கண் முன்னால் வந்து நின்றாள். இரண்டாவது சீட்டில் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். வகுப்பில் வட்டம் போடுகிறவள் ஒருத்திதான். மூன்றாவது ஊதா மை. ஊதா மைக்காரியும் ஒருத்திதான். ஐந்தாவது சீட்டுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாக்குகளை எண்ணவில்லை, வாக்காளர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ரகசிய வாக்கெடுப்பின் மேன்மையைப் பற்றி முந்தின நாள் நாற்பது நிமிடம் பாடம் எடுத்தவள் நடத்திய தேர்தலில், கையெழுத்துப் போடாத குறை ஒன்றுதான்.

பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ, ஒரு சீட்டு முத்து முத்தான எழுத்தில் வந்தது. அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. இந்தியாவின் பின்னால் ஸ்கேலோடு போயிருக்கிறாள். கோட்டின் மேலே இருந்தது கடைசி பெஞ்சுக்காரியின் பெயர். நான் குரல் மாறாமல் படித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

கடைசி பெஞ்சுக்கு இருபத்தொன்பது. பேத்திக்கு ஒன்பது. மூன்று செல்லாதவை. அவற்றில் ஒன்று ‘இரண்டு பேரும்’ என்றது.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்து வீட்டில் நான் செய்த காரியத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. சீட்டுகளை மேஜையில் பரப்பி, நாட்குறிப்பில் வரிசை எண்படி யார் யாருக்கு வாக்களித்தாள் என்று அட்டவணை போட்டேன். ஆதாரம் கையில் இருக்கும்போது பதிவு செய்யாமல் விட என்னால் முடியாது. காபியோடு வந்த கணவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இது என்ன?”

“ஓட்டு விவரம்.”

“ரகசிய ஓட்டுன்னு சொன்னியே?”

“ரகசியந்தான். எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“ரகசிய ஓட்டுக்கு ரிஜிஸ்டர் போட்ட முதல் ஆள் நீதான்” என்றார். அதோடு விடவில்லை. “உன் கைக்குக் கிடைச்சது, இன்னொருத்தர் கைக்குக் கிடைக்காதா?”

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை அறைக்கு அழைப்பு வந்தது. தாளாளர் உட்கார்ந்திருந்தார். பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், தானதருமத்தில் குறை வைக்காதவர். பள்ளியின் ஒவ்வொரு மின்விசிறி இறக்கையிலும் அவர் பெயர் உண்டு. விசிறி ஓடும்போது படிக்க முடியாது என்பதால், அவர் வரும் நாட்களில் அணைத்துவிடுவார்கள். அன்றும் அணைத்திருந்தது.

“ஒன்பது ஓட்டு, டீச்சரம்மா” என்றார் சாந்தமாக. “நம்ம கடையில வேலை பாக்கறவங்க பொண்ணுங்களே அந்தக் கிளாஸ்ல ஆறு பேர் இருக்குதுங்க. பீஸு, புஸ்தகம் எல்லாம் நம்மதான். கணக்கு உதைக்குதே?”

“பிள்ளைங்க இஷ்டப்படி போட்டிருக்காங்க, சார்.”

“போடட்டும். யாரு என்ன போட்டாங்கன்னு ஒரு தடவை பாத்துடலாம். கையால எழுதுனதாமே, பிள்ளைங்க எழுத்தெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாச்சே. சீட்டைக் கொண்டாங்க.”

“ரகசிய வாக்கெடுப்புங்க.”

“ரகசியந்தாம்மா. வெளியில யாருக்குத் தெரியப் போகுது? நமக்குள்ளதானே.”

தலைமையாசிரியை அணைந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளாளர் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்கு நான் ஊர்ல இல்ல. புதன்கிழமை ஆடிப் பதினெட்டு, லீவு. வியாழக்கிழமை காலையில கொண்டாங்க. டிசம்பர்ல உங்க விஷயமும் என் மேஜைக்குத்தானே வரணும்.”

மிரட்டல் என்று சொல்ல முடியாது. நாட்காட்டியில் இருப்பதைத்தான் சொன்னார். நானும் நாட்காட்டியை மதிப்பவள்.

வீட்டுக்கு வந்து அட்டவணையைப் பார்த்தேன். கடை ஊழியர்களின் ஆறு பெண்களில் ஐந்து பேர் கடைசி பெஞ்சுக்குப் போட்டிருந்தார்கள். ஐந்து அப்பாக்கள் தாளாளர் கடையில் பாத்திரம் எடை போடுகிறவர்கள். என்னைக் காப்பாற்றிக்கொள்ள எளிய வழி ஒன்று இருந்தது. ஐந்து சீட்டுகளையும் விட்டுவிட்டு, கோடு போட்ட அந்த ஒரு சீட்டை மட்டும் அவர் முன்னால் வைத்தால் போதும். உங்கள் பேத்தியே அப்படித்தான் போட்டாள் என்றால் அதற்கு மேல் அவர் யாரைக் கேட்பார்? யோசிக்க யோசிக்க நல்ல யோசனையாகவே பட்டது. கெட்ட யோசனைகளின் இலட்சணம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆசிரியர் அறை வாசலில் பேத்தி நோட்டுக் கட்டோடு வந்து நின்றாள். அந்த வேலை இப்போது அவளுடையது இல்லை.

“புது லீடர் எங்கே?”

“நான்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன், டீச்சர்.” நோட்டுகளை வைத்துவிட்டு நின்றாள். “தாத்தா சீட்டெல்லாம் கேட்டிருக்காராமே. குடுத்துடுவீங்களா?”

“ஏன் கேக்கறே?”

“சும்மாதான்.” அடுக்கி வைத்த நோட்டுகளை மறுபடியும் அடுக்கினாள். “நான் கிளாசுக்குள்ள வந்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க, டீச்சர். ஆறாவதுலேர்ந்து. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்ல நான் வந்தப்புறமும் பேசிக்கிட்டே இருந்தாங்க. என்ன பேசினாங்கன்னு முழுசாக் கேட்டேன்.”

“என்ன பேசினாங்க?”

“ஒண்ணும் இல்ல. ஜடை, ரிப்பன்.” அதை ஏதோ பெரிய பரிசு கிடைத்த மாதிரிச் சொன்னாள். “நான் அவளுக்குத்தான் போட்டேன்னு தாத்தாவுக்குத் தெரிஞ்சா ஸ்கூலை விட்டே நிறுத்திடுவாரு, டீச்சர். எங்க வீட்டுல எங்க அத்தையெல்லாம் எட்டாவதோட நின்னவங்க.”

மணி அடித்தது. அவள் போய்விட்டாள்.

புதன்கிழமை ஆடிப் பதினெட்டு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஆற்றில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. காதோலை, கருகமணி, பூ, மஞ்சள் என்று எல்லாரும் எதையாவது தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்த நாள் அது. ஒருத்தி கூடுதலாக எதையாவது விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். என் பூஜைப் பையில் நாற்பத்தொரு சீட்டுகள் இருந்தன. காலையில் குளித்ததும் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தையும் கிழித்துச் சேர்த்திருந்தேன். கோடு போட்ட சீட்டைத் தாளாளரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோதுகூட வராத தயக்கம், அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்போதுதான் எனக்கு வந்தது. என் யோக்கியதை அவ்வளவுதான்.

கைப்பிடி கைப்பிடியாக விட்டேன். பக்கத்துப் படியில் நின்ற ஒரு மாமி மிதந்து போன சீட்டு ஒன்றைக் குனிந்து பார்த்தார்.

“என்ன, எழுதின்னா விடறேள்? நாமாவளியா?”

“ஆமாம், மாமி.”

“ஒரே நாமாவா இருக்கே?”

“இருபத்தொன்பது தடவை, மாமி. அப்படித்தான் பிரார்த்தனை.”

“பலிச்சுதோ?”

“இன்னும் தெரியலை.”

படிக்கு மேலே செருப்புகளுக்குக் காவல் நின்ற கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், “டிசம்பருக்கு அப்புறம் உனக்கு நாட்குறிப்பு எழுத நிறைய நேரம் இருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை தாளாளரிடம், பூஜைச் சாமானோடு சேர்ந்து சீட்டுகள் ஆற்றில் போய்விட்டன என்றேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அவர் பக்திமான். காவிரித் தாய்க்கு விட்டதைத் திருப்பிக் கேட்க அவரால் முடியவில்லை.

“டீச்சரம்மா பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரமா வெச்சிருப்பாங்கன்னு கேள்விப்பட்டேனே?”

“இது ஒண்ணுதாங்க போயிடுச்சு.”

அவர் பிறகு தலைமையாசிரியையிடம் திரும்பி, “ஆவணம் இல்லாத தேர்தல் செல்லுமா, மேடம்?” என்றார். செல்லாது என்று மேடத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. தேர்தல் ரத்து, பழைய லீடரே தொடர்வார். யாருக்காக நான் சீட்டுகளை ஆற்றில் விட்டேனோ, அவள் தலையிலேயே பதவி மறுபடி ஏறியது. ஜனநாயகத்தைச் செய்து காட்டிக் கற்பித்தாயிற்று என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போயிற்று. எழுதியவள் நான்தான்.

மறுநாள் மூன்றாவது பீரியடுக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்ற தலைப்பு முத்து முத்தான எழுத்தில் இருந்தது. கீழே நாற்பத்து மூன்று பெயர்கள். முதல் பெயர், எழுதிய பேத்தியுடையதே. அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கடைசி பெஞ்சு என் கைப்பிரம்பைப் பார்த்து, “யாரை அடிப்பீங்க, டீச்சர்?” என்று மரியாதையாகக் கேட்டது. நான் அழித்துவிட்டுப் பானிப்பட்டுப் போரைத் தொடங்கினேன். அதன் பிறகு பட்டியல் தினமும் அப்படித்தான் இருந்தது.

அந்த நவம்பரில் வெள்ளம் வந்து பள்ளி ஆபீசுக்குள் தண்ணீர் புகுந்தது. பழைய மார்க் ரிஜிஸ்டர்கள் பல கூழாகிவிட்டன. ஆவணம் போனதால் அந்தத் தேர்வுகள் எல்லாம் செல்லாது என்று யாரும் சொன்னதாக என் குறிப்பில் இல்லை. டிசம்பரில் என் விஷயம் தாளாளர் மேஜைக்கு வந்தது. அங்கேயே தங்கிவிட்டது. அடுத்த ஜூனில் காட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இடம் கிடைக்கும் வரை, கணவர் சொன்னது போல, எழுத நேரம் இருந்தது.

எண்பத்து நான்கு டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் தேர்தல். எனக்கு டவுனிலேயே ஒரு வாக்குச்சாவடி. பத்து மணி வாக்கில் தாளாளர் வந்தார். கண்ணில் புரை முற்றியிருந்தது. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். பார்வை இல்லாதவர் துணைக்கு ஒருவரை அழைத்து வந்து முத்திரை குத்தச் சொல்லலாம். துணைக்கு வருபவருக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். நான் மனக்கணக்குப் போட்டேன். நிரம்பியிருந்தது.

துணை வருகிறவர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதைப் படித்துக் காட்டும் வேலை என்னுடையது. “இவருக்காக நான் பதியும் வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன்” என்று படித்தேன்.

என் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “என் பேத்திதாம்மா. நமக்குள்ள என்ன ரகசியம்?” என்றார்.

“சட்டம் அப்படித்தான், தாத்தா” என்றாள் அவள். கையெழுத்துப் போட்டாள். பிறகு என் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து அடியில் ஒரு கோடு போட்டாள்.

“இதுல பேரு எழுத வேணாம்ல, டீச்சர்?”

“வேணாம்மா. முத்திரை மட்டும்தான். யார் குத்தினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

அவர் விரலில் மை வைத்தேன். இரண்டு சீட்டுகளோடு இருவரும் அட்டை மறைவுக்குப் போனார்கள். முத்திரை விழும் சத்தம் இரண்டு முறை கேட்டது. அவர் அடங்கிய குரலில் பேசிப் பழகாதவர்.

“நான் சொன்னதுக்கேதானே?”

“ஆமா, தாத்தா.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

வெளியே வரும்போது அவர் முகத்தில் பூரண திருப்தி. அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. பெட்டியில் சீட்டுகளை மடித்துப் போட்டுவிட்டு, அவர் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு, வாசலில் காத்திருந்த ரிக்‌ஷாவை நோக்கி ஏதோ பேசிக்கொண்டே போனாள்.

அன்றைய பக்கத்தில் அவர்கள் வந்த நேரத்தையும் எங்கள் சாவடியில் பதிவான மொத்த வாக்குகளையும் எழுதியிருக்கிறேன். மீதிப் பக்கம் காலி.